பூமியின் சேமிப்புக் கணக்கு

பெட்ரோல் எதிலிருந்து வந்தது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பலர் டைனோசர் என்பார்கள். அது சரியல்ல. உலகின் எண்ணெயில் பெரும்பகுதி, பண்டைய கடல்களில் மிதந்த நுண்ணுயிர்கள் தந்தது. அவை மடிந்து கடலடியில் படிந்தன. சேறும் மணலும் மேலே மூடின. காற்றுப் படாததால் அவை முற்றாக மக்கவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் வெப்பமும் அழுத்தமும் அவற்றை எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் மாற்றின. சதுப்பு நிலத் தாவரங்களோ நிலக்கரியாயின. இவ்வாறு பழைய உயிர்களிலிருந்து வந்ததால்தான் இவற்றைப் புதைபடிவ எரிபொருள் என்கிறோம்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. சரவாக், மீரி நகரின் கனடா குன்றில் தோண்டப்பட்ட கிணறு, 1910 டிசம்பரில் எண்ணெய் தந்தது. இன்றைய மலேசியாவின் முதல் எண்ணெய்க் கிணறு அதுவே. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 83 பீப்பாய் கிடைத்தது. 1972இல் அது மூடப்பட்டது. இன்று அங்கே நிற்பது ஒரு நினைவுச் சின்னமும் அருங்காட்சியகமும்தான்.

இயற்கை யுகம் யுகமாகச் சேர்த்த இடத்தில், மனிதன் 62 ஆண்டுகளில் வேலையை முடித்துக்கொண்டான். வெட்டிய மரத்துக்குப் பதிலாகக் கன்று நடலாம். எரித்த எண்ணெய்க்குப் பதிலாக எதை நடுவது? எரித்தபின் அது மறைந்துவிடுவதுமில்லை. கரியமில வாயுவாகக் காற்றில் கலந்து பூமியைச் சூடாக்குகிறது.

அடுத்த முறை எண்ணெய் நிலையத்தில் வண்டியை நிறுத்தும்போது, பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். நாம் செலவழிப்பது அவர்கள் பங்கையும் சேர்த்துத்தான்.