ரஷ்யர் என்பதற்கு இரண்டு சொற்கள்

இரவுச் செய்தியில் ரஷ்ய ஜனாதிபதியைக் காட்டும்போதெல்லாம் வாப்பா ஒரே வசனத்தைத்தான் சொல்வார்: "அந்த ஆக்களுக்கு எப்பவும் ஒரு ராஜா வேணும் மகள்." அது சரிதானா என்று வாசிக்கத் தொடங்கிய நான், 'அந்த ஆக்கள்' யார் என்பதிலேயே முதலில் நின்றுவிட்டேன்.

நாம் 'ரஷ்யர்' என்று சொல்வதற்கு ரஷ்ய மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. 'ரூஸ்கி' என்றால் ரஷ்ய இனத்தவர். 'ரசியானின்' என்றால் ரஷ்ய நாட்டுப் பிரஜை. கசான் நகரில் வாழும் டாட்டார் முஸ்லிம் ஒருவர் ரசியானின்; ஆனால் ரூஸ்கி அல்லர். வீட்டில் ரஷ்ய மொழியே பேசினாலும் அல்லர். எனக்கு இது இலகுவாக விளங்கியது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட என் பிறப்புச் சான்றிதழிலும் இனம் 'இலங்கைச் சோனகர்' என்றுதானே இருக்கிறது!

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின், ஜனாதிபதி யெல்ட்சின் மக்களை 'ரசியானின்' என்ற சொல்லாலேயே விளித்தார். எல்லா இனத்தவருக்கும் அதில் இடமிருந்தது. ஆனால் அதே காலத்தில் விலைவாசி பன்மடங்காகி முதியவர்களின் சேமிப்பு கரைந்தது. சம்பளம் மாதக்கணக்கில் வரவில்லை. செச்னியாவில் போர் மூண்டது. 'ஜனநாயகம்' என்ற சொல் பலருக்கு அந்தக் கஷ்டத்தின் பெயராகிவிட்டது. 2000இல் புட்டின் ஜனாதிபதியானார். எண்ணெய் விலையும் உயர, சம்பளம் ஒழுங்காகக் கிடைத்தது. பலமான தலைவரைப் பலர் விரும்பியதற்கு இரத்தத்தில் ஊறிய குணத்தைவிட இந்த அனுபவமே காரணம் என்று நினைக்கிறேன்.

அதற்குக் கொடுத்த விலை மொழியில் தெரிகிறது. ரஷ்யாவுக்குள் இருக்கும் குடியரசுகளின் சொந்த மொழிகள், 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெற்றோர் விரும்பினால் மட்டும் பிள்ளைகள் படிக்கும் பாடமாயின. விருப்பம்தானே என்று தோன்றலாம். பரீட்சையும் தொழிலும் வேறு மொழியில் இருக்கும்போது எத்தனை பெற்றோர் விரும்புவார்கள்?

2019 செப்டெம்பரில், உத்மூர்த் இன அறிஞர் அல்பர்ட் ராசின், தன் 79ஆவது வயதில், இஷெவ்ஸ்க் நகரிலுள்ள குடியரசுச் சட்டசபைக் கட்டடத்தின் முன் தீக்குளித்து இறந்தார். அந்த வழியை நம் மார்க்கம் ஏற்காது. ஆனால் எனக்கென்று ஒரு தாயகம் உண்டா என அவர் பலகையில் எழுதியிருந்த கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த ஆண்டே யாப்பில், ரஷ்ய மொழி 'அரசை உருவாக்கிய மக்களின்' மொழி என்று சேர்க்கப்பட்டது. அந்த மக்கள் ரூஸ்கிகள்.

2022இல் உக்ரேன் மீது படையெடுத்தபோது 'போர்' என்ற சொல்லுக்கே ஆபத்து வந்தது. 'விசேட இராணுவ நடவடிக்கை' என்றே சொல்ல வேண்டும். இராணுவத்தைப் பற்றிப் பொய்த் தகவல் பரப்பியதாகத் தீர்ப்பானால் 15 ஆண்டு வரை சிறை. சிலர் வீதியில் வெறும் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களையும் பொலிஸார் கொண்டுபோனார்கள்.

இதை வாசித்துக் காட்டியபோது வாப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"ஒண்டும் எழுதாத தாளுக்குமா புடிச்சாங்க?" என்றார்.