ஈசுவரமூலியும் சிறுநீரகமும்

வேலியோரங்களில் பிற செடிகளைச் சுற்றிப் படரும் ஈசுவரமூலியையும், தரையோடு கிடக்கும் ஆடுதீண்டாப்பாளையையும் கிராமப்புறப் பெரியோர் நன்கறிவர். இரண்டும் அரிஸ்டோலோகியா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மகப்பேற்றுக்கு உகந்தது என்னும் பொருள்படும் கிரேக்கப் பெயர் அது. நம் நாட்டில் பாம்புக்கடிக்கும் வயிற்றுப்பூச்சிக்கும் இவை தரப்பட்டு வந்தன. ஆடு தீண்டாது என்பதைப் பெயரிலேயே பொறித்துவைத்த முன்னோரின் கூர்நோக்கு வியப்புக்குரியது. சிவந்த உடல் கொண்ட சிலவகை வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் மட்டும் இவ்விலைகளைத் தின்று, அதன் நஞ்சைத் தம் உடலில் தேக்கிக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்புகின்றன.

அந்த நஞ்சு அரிஸ்டோலோகிக் அமிலம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசெல்சு நகரில் உடல் இளைப்பதற்காக மூலிகை மாத்திரை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகங்கள் விரைவில் செயலிழந்தன. சேரவேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்திருந்த காரணத்தால் இப்பேரினத்துச் செடியொன்றின் வேர் சேர்க்கப்பட்டிருந்தது. மாத்திரையை நிறுத்திய பின்னரும் பலருக்குப் பாதிப்பு வளர்ந்தது. முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகங்களும் சிறுநீர்க்குழாய்களும் அகற்றப்பட்ட 39 பேரை ஆராய்ந்தபோது, 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் இருந்தமை 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இவ்வமிலம் கொண்ட செடிகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என வகைப்படுத்தியுள்ளது.

சிறுநீரகப் பிரிவில் பணிபுரியும் எங்களுக்குப் பழகிய ஓர் உரையாடல் உண்டு. "வேறு மருந்து ஏதேனும் உட்கொள்கிறீர்களா?" என்றால் "இல்லை" என்பர். "கசாயம், சூரணம், வேர்ப்பொடி?" என்று கேட்டால்தான், "அது மருந்தில்லையே, ஐயா" என்று தொடங்குவர். இதில் எவரையும் குறைகூற இயலாது. சிறுநீரகம் தொடக்கத்தில் வலிப்பதில்லை. சிறுநீரின் அளவும் குறைவதில்லை. இரத்தத்தில் கிரியேட்டினின் உயர்ந்த பிறகே பலரும் எங்களிடம் வருகின்றனர்.

பாம்புக்கடியில் வேறோர் ஆபத்தும் உள்ளது. வேரை அரைத்துக் கொடுத்துக் காத்திருக்கும் நேரத்தில் நஞ்சு பரவிவிடும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் மருந்து அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், கட்டோ கீறலோ இன்றி, நேரே அங்கு கொண்டு செல்லுங்கள்.

பெயரறியா வேரையோ பொடியையோ உட்கொண்டு வந்திருப்பின், எஞ்சியதை அதன் பொட்டலத்துடனேயே எங்களிடம் எடுத்து வாருங்கள்.