தாய்மொழியில் மனசைப் படித்த மேதை... தெரியுமா?

7,641 தீவுகள்! 170-க்கும் மேற்பட்ட மொழிகள்! இப்படிப்பட்ட பிலிப்பைன்ஸ் நாட்டில், மக்கள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பதை எந்த மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்வது? "அவரவர் மொழியில்தான்!" என்று அடித்துச் சொன்னவர் விர்ஜிலியோ என்ரிகேஸ். 'பிலிப்பினோ உளவியலின் தந்தை'! மாணவர்களுக்கு அவர் செல்லமாக 'டாக் ஈ'!

ஒரே வருஷம், ஒரே மாகாணம்!

என்ரிகேஸ் பிறந்தது 1942 நவம்பர் 24. நாடு ஜப்பான் படையின் பிடியில் இருந்த நேரம்! ஊர், மணிலாவுக்கு வடக்கே உள்ள புலாகான் மாகாணம். அதே புலாகானில் முன்பே பிறந்திருந்த எஸ்தெஃபானியா அல்டாபா-லிம் என்ற பெண்மணி, அதே 1942-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கினார்! பிற்காலத்தில் அமைச்சராகவும் ஆனார்! என்ன பொருத்தம் பாருங்கள்!

முதல் வகுப்பு வீட்டில்!

ஜப்பானுக்கு முன்பிருந்த அமெரிக்க ஆட்சியில் பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாமே ஆங்கிலமயமாகிவிட்ட நாடு அது. ஆனால் என்ரிகேஸின் அப்பா என்ன செய்தார் தெரியுமா? எந்த விஷயமானாலும் தன்னோடு தாய்மொழியான தகாலோக்கில்தான் விவாதிக்க வேண்டும் என்று மகனைப் பழக்கினார்! பின்னாளில் ஒரு துறையையே திருப்பிப் போட்ட விதை இதுதான்!

18 வயசில் பட்டம்!

1961-ல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயசு வெறும் 18! படித்தது உளவியல் அல்ல, தத்துவம்! ஆனால் 1963-லேயே அங்கே உளவியல் ஆசிரியர்! மீசை அரும்பிய வயசில் வாத்தியார் வேலை!

கட்டுரைக்குள் ஒரு புதையல்!

1965. பாடம் நடப்பது ஆங்கிலத்தில். என்ரிகேஸோ, "கட்டுரையை உங்கள் சொந்த மொழியில் எழுதுங்கள்" என்றார். ஒரு மாணவர் எதைப் பற்றி எழுதினார் தெரியுமா? 'பக்புகாவ்'! உடலை விட்டு விலகிய ஆவியைத் திரும்ப அழைக்கும் வழக்கம்! உணர்வு, ஆன்மா பற்றிய ஊர்மக்களின் எண்ணங்கள் அதில் கொட்டிக் கிடந்தன! ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருந்தால் இது கிடைத்திருக்குமா?

படித்தது அமெரிக்காவில், வேலை சொந்த ஊரில்!

1966-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1971-ல் சமூக உளவியலில் டாக்டர் பட்டம்! அப்போது வயசு 28! அங்கேயே தங்கினாரா? இல்லை! அதே வருஷம் ஊர் திரும்பி, பிலிப்பினோ உளவியலுக்கென்றே ஓர் ஆய்வு இல்லம் தொடங்கிவிட்டார்!

எட்டுப் படி ஏறணும்!

ஆராய்ச்சி என்றால் கேள்வித்தாளை நீட்டுவதுதானே? பிலிப்பினோ உளவியலில் அப்படி இல்லை! 'பக்தாதானோங்-தானோங்' என்றொரு முறை. பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாகக் கேட்பது! எதிரே இருப்பவரும் உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்கலாம்! என்ரிகேஸும் சக ஆய்வாளரும் மனித உறவை எட்டுப் படிகளாகப் பிரித்தார்கள். முதல் ஐந்து படி வரைக்கும் ஆய்வாளர் அந்நியர்தான்! ஆறாவது படியில், பரஸ்பர நம்பிக்கை வந்த பிறகுதான் உண்மையான பதில் கிடைக்குமாம்!

அது சோம்பலா? துணிச்சல்!

பிலிப்பினோக்கள் அடிக்கடி சொல்வது 'பஹாலா நா'. 'நடப்பது நடக்கட்டும்' என்ற மாதிரி! இது விதி மேல் பழி போடும் குணம் என்றே வெளிநாட்டவர் எழுதி வந்தார்கள். என்ரிகேஸின் மூத்த சகா ஆல்ஃபிரெடோ லக்மாய் 1977-ல் ஆராய்ந்து என்ன சொன்னார் தெரியுமா? என்ன வருமென்று தெரியாத இடத்திலும் துணிந்து இறங்கி, சமாளித்துக் கரையேறும் தெம்பு அது! இந்த லக்மாய் யார்? ஹார்வர்டில் புகழ்பெற்ற உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரிடம் படித்தவர்!

51 வயசுக்குள் இத்தனையா!

1975-ல் பிலிப்பினோ உளவியலுக்கு முதல் தேசிய மாநாடு! அதே வருஷம் பிலிப்பினோக்களுக்கென்றே ஓர் ஆளுமைத் தேர்வு! 1977 முதல் 1982 வரை பல்கலைக்கழக உளவியல் துறைத் தலைவர்! 1992-ல் காலனி உளவியலிலிருந்து விடுதலை உளவியலுக்குப் போகும் பாதையைச் சொல்லும் புத்தகம்! 1994 ஆகஸ்ட் 31-ல் மறைந்தபோது வயசு 51 மட்டுமே!

இன்று பிலிப்பைன்ஸ் கல்லூரிகளில் உளவியல் படிப்பவர்களுக்கு 'பிலிப்பினோ உளவியல்' என்று தனிப்பாடமே இருக்கிறது! அப்பாவோடு தாய்மொழியில் வாதாடிய பையன், ஒரு நாட்டுக்கே பாடம் எழுதிவிட்டார்!