கொட்டகையில் கிடக்கும் டிராக்டர்: கயிறு கட்டி இழுக்காதீர்கள்!

கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை பக்கத்தில் இருந்து பெங்களூருக்குப் பிழைக்க வந்தவர்கள் பலருக்கு ஊரில் கொஞ்சம் நிலம் உண்டு. சில வீடுகளில் அப்பா ஓட்டிய டிராக்டரும் கொட்டகையில் கிடக்கிறது. அதன் சீட்டில் கோழி அடைகாக்கிறது!

லீவில் போகிறவர்கள் புது பேட்டரி மாட்டுவார்கள். என்ஜின் அசையாவிட்டால் இன்னொரு டிராக்டரில் கயிறு கட்டி இழுப்பார்கள். நல்ல என்ஜின் பாழாவது அப்போதுதான்.

வருடக்கணக்கில் நின்ற என்ஜினில் ஈரம் இறங்கி, பிஸ்டன் ரிங்குகள் லைனரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் ரிங் உடையும். உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

நாசில்களைக் கழற்றி, அந்தத் துளை வழியே டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட வேண்டும். மூன்று நாள் லீவு இதற்குப் போதாது. ஆயுத பூஜைக்கு ஊற்றிவிட்டு வந்தால், தீபாவளிக்குப் போய்க் கையால் முன்னும் பின்னும் மெல்லச் சுற்றிப் பார்க்கலாம்.

மைக்கோ பம்பு

இடையில் பம்பையும் நாசில்களையும் பெங்களூருக்குக் கொண்டுவந்து சோதிக்கலாம். பம்பைக் கழற்றும் முன் பழைய இடம் தெரிய அடையாளக் கோடு போடுவது அவசியம். தவறினால் டைமிங் மாறிவிடும்.

1951-ல் தொடங்கி ஆடுகோடியில் வளர்ந்த மைக்கோ கம்பெனி, 2008-ல் 'பாஷ்' என்று பெயர் மாறியது. பழைய மெக்கானிக்குகளுக்கு அது இன்றும் 'மைக்கோ பம்பு'தான். அதன் உள்ளே தண்டுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் சில பங்குதான். கெட்டுப்போன டீசலின் பிசின் அங்கே இறுகிவிடும். ஆகவே டேங்கைக் கழுவி, பில்டர், என்ஜின் ஆயில் எல்லாம் மாற்ற வேண்டும். ரிங், கேஸ்கட் போன்ற சாமான்களை ஜே.சி. ரோட்டில் தேடலாம்.

கையை வைக்காதீர்கள்!

பம்பு முழு டீசல் விடும் நிலையில் இறுகியிருந்தால், என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் வேகம் ஏறிக்கொண்டே போகும். நிறுத்தும் கம்பியை இழுத்தாலும் நிற்காது. காற்று போகும் வாயைப் பலகையால் அடைக்க ஓர் ஆள் தயாராக நிற்க வேண்டும். நாசிலில் பீறிடும் டீசல் தோலையே துளைக்கும். ஊசி குத்தியது போலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டீசல் குழாயில் உள்ள காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் முதலில் வெள்ளைப் புகை வரும். பயம் வேண்டாம். ஆயில் பிரஷர் முள்ளைத்தான் பார்க்க வேண்டும். அது சில விநாடிகளில் எழாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும்.