அம்பாசிடர் தகரத்தில் ஓட்டை பெருசாகிடுச்சா? வாஷர் மட்டும் போதாது!

திருவண்ணாமலையில் வீட்டு வாசலில் தாத்தா காலத்து அம்பாசிடர் நிற்கிறதா? மட்கார்டில் சைடு மிரர் போல்ட் ஆடுதா? கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

ஏன் பெருசாகிறது?
லூசான போல்ட், அதிர்வில் தகரத்தை அரைக்கும். துரு ஓரத்தைத் தின்னும். பெரிய வாஷர் ஓட்டையை மறைக்கும், அடைக்காது.

சரியான வழி என்ன?
பேட்டரி ஒயரைக் கழற்றி, பெயின்ட், துருவைச் சுரண்ட வேண்டும். பின்னால் செம்புத் தகடு வைத்து வெல்டிங்கில் அடைக்கணும். செம்பு சூட்டை இழுத்துக்கொள்ளும். வெல்டிங் அதில் ஒட்டாது. ஒரே மூச்சில் வைத்தால் தகரம் நெளிந்துவிடும். பொட்டுப் பொட்டாக, ஆறவிட்டு வைக்கணும். பிறகு தேய்த்து, சரியான அளவில் புது ஓட்டை போட்டு, பிரைமர் அடிக்கலாம்.

சீட் பெல்ட் ஓட்டை என்றால்?
அடைத்தால் மட்டும் போதாது. தடித்த இரும்புத் தகடு வைத்து வலுவாக்க வேண்டும்; உயிர் விஷயம்.

அம்பாசிடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. இருக்கும் தகரத்தைக் காப்பாற்றுவதே லாபம்.