வலிக்கும் உடம்பை ஏன் நடக்கச் சொல்கிறோம்?

பிசியோதெரபிஸ்டாக நான் சொல்வதில் உடல் முழுவதும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளுக்கு அதிகம் கசப்பது, "கொஞ்சம் நடங்கம்மா" என்பதுதான். "தலை வாரக் கையத் தூக்கினாலே தோள் கடுக்குது, எங்க சார் நடக்கிறது?" என்பார்கள். நியாயமான கேள்வி. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் வலி நிஜம். நரம்பு மண்டலம் வலியைப் பெருக்கிக் காட்டுகிறது.

நல்ல உடல்நிலையில் இருப்பவர் தசையை இறுக்கிப் பிடித்தால் வலி தாங்கும் அளவு கூடும். சுவீடன் ஆய்வாளர் ஏவா கோசெக்கின் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்விலோ, இந்த நோயாளிகளுக்கு அது குறைந்தது. 'சாக்குச் சொல்கிறாள்' என்று முணுமுணுக்கும் வீட்டார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியிருந்தும், ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவ வல்லுநர்கள் 2016-இல் புதுப்பித்த பரிந்துரைகளில் உறுதியான ஆதரவு பெற்றது உடற்பயிற்சி மட்டுமே. மாத்திரைகளுக்குக்கூட அது கிடைக்கவில்லை.

எந்தப் பயிற்சி? பாஸ்டனில் சென்சென் வாங் குழு 226 பேரிடம் சீனப் பயிற்சியான தாய்ச்சியையும் ஏரோபிக் பயிற்சியையும் ஒப்பிட்டு 2018-இல் முடிவை வெளியிட்டது. மெதுவாக அசையும் தாய்ச்சி ஏரோபிக்குக்குச் சமமான, சிலவற்றில் கூடுதலான பலன் தந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: தாய்ச்சி வகுப்புக்குத்தான் ஆட்கள் ஒழுங்காக வந்தார்கள். விட்டுவிடாமல் செய்ய முடிகிற பயிற்சியையே நான் தேடித் தருகிறேன்.

எந்தப் பயிற்சியானாலும் ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். வலி குறைந்த நாளில் உற்சாகத்தில் ஒரு மணி நேரம் நடந்துவிடுபவர்கள்தான் மறுநாள் படுத்துவிடுகிறார்கள். வலி குறைந்த நாளிலும் அதே ஐந்து நிமிடம் போதும்.