பழம் படங்களும் பாலையாவும்

பழைய திரைப்படங்களைக் காண அமர்வோர் பெரும்பாலும் தலைவனையோ தலைவியையோ கருதியே அமர்வர். ஆயின் படம் முடிந்து எழுங்கால் அவருள்ளத்தில் நிற்பவர் சிலபோது வேறொருவராக இருப்பதுண்டு. எமக்கு அங்ஙனம் வாய்த்தவர் டி. எஸ். பாலையா. அவரை யாம் தேடிச் சென்றோமல்லோம். நாகேஷைக் காணச் சென்ற இடத்தில் அவர் இருந்தார்.

ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ 1964-ஆம் ஆண்டு வெளிவந்தது. படமெடுக்கும் பித்துக்கொண்ட மகன் செல்லப்பா, தான் எடுக்கப்போகும் திகிற்கதையைத் தந்தை விசுவநாதனுக்குச் சொல்லும் காட்சியை அறியாதார் நம்மில் அரியர். விடுதி நண்பரோடு அதனை மூன்றாம் முறை கண்டபோதுதான் எம் கண் நாகேஷை விட்டுத் தந்தையின் முகத்திற் சென்று தங்கியது. கதை சொல்பவன் மகன்; தந்தைக்கோ கேட்பதே தொழில். அக் கேட்டலில் ஏளனம் ஆவலாகி, ஆவல் அச்சமாகி, அச்சம் உடலெங்கும் பரவுவதைக் காண்கிறோம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எனத் தொல்காப்பியனார் வகுத்த மெய்ப்பாடு எட்டினையும் வகுப்பில் உருப்போட்டு ஒப்பித்தோம். உள்ளத்து நிகழ்ச்சி மெய்யின்கண் புலனாதலே மெய்ப்பாடு என்பது அம் முகத்தைக் கண்ட பின்னரே எமக்கு விளங்கிற்று. உரை வகுத்த பேராசிரியரும் எம் வகுப்புப் பேராசிரியரும் பொறுத்தருள்க.

அடுத்த ஆண்டு, அதாவது 1965-இல் வந்த ‘திருவிளையாட’லில் அவர் ஏமநாத பாகவதர். மதுரை அவையில் அவர் பாடும் பாட்டிற்குக் குரல் ஈந்தவர் பாலமுரளிகிருஷ்ணா. குரல் பிறருடையதாக, செருக்கு முழுவதும் பாலையாவினுடையது. ஆயினும் எம்மைக் கவர்ந்தது அவர் பாடும் இடமன்று, விறகு விற்க வந்தவன் பாட அவர் கேட்கும் இடமே. கல்வியினின்றும் பெருமிதம் பிறக்கும் என்பர் தொல்காப்பியனார். அப் பெருமிதம் மருட்கையாகக் குலைந்து, மருட்கை அச்சமாகி, அவரை இரவோடிரவாக ஊரை விட்டு ஓட்டுகிறது. இங்கும் அவர் செய்வது கேட்டலே.

இங்ஙனம் ஒரு படம் மற்றொரு படத்திற்கு வழிகாட்ட, யாம் காலத்திற் பின்னோக்கிச் சென்றோம். 1914-இற் பிறந்து 1972-இல் மறைந்த பாலையாவின் முதற் படம் ‘சதி லீலாவதி’ (1936). எஸ். எஸ். வாசன் எழுதிய கதை, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கம், எம். ஜி. ஆர் திரைக்கு வந்ததும் இதிலேதான். மறு ஆண்டு ‘அம்பிகாபதி’யில் ருத்திரசேனன், 1949-இல் ‘வேலைக்காரி’யில் நாயகனுக்கு அறிவு புகட்டும் தோழன் மணி, 1956-இல் ‘மதுரை வீர’னில் நரசப்பன். முன்னோர் அவரை முதலில் வெறுத்துப் பின்னர்ச் சிரித்தனர். யாமோ சிரித்துவிட்டுச் சென்று அவர் செய்யும் தீமைகளைக் கண்டோம். அக் குரல் இதோ நகைப்பூட்டும் என்று காத்திருந்து ஏமாந்ததும் உண்டு.

எம் பாட்டனார் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரினர். ‘மதுரை வீர’னை டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து அமர்ந்து கண்டவர். எம் விருப்பத்தைத் தாளில் எழுதிக் காட்டியபோது, “எலே, அவன் வில்லம்லா! அவனையாலே ஒனக்குப் பிடிச்சிருக்கு?” என்று வியந்தார். எழுதிக் காட்டியதன் காரணம், அவர்க்குச் செவிப்புலன் முற்றும் குன்றிச் சில ஆண்டுகளாயின என்பதே. அன்று முதல் படம் பார்ப்பதையும் விட்டுவிட்டார். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அத் திகிற்கதைக் காட்சியை அவர்முன் வைக்க யாம் மிகவும் தயங்கினோம். கேளாதார்க்குக் கதை கேட்கும் காட்சியைக் காட்டுவது கொடுமையாகுமோ என்று அஞ்சினோம்.

சிறிது நேரம் அவர் நாகேஷையே நோக்கியிருந்தார். பின்னர் அவர் கண் இடம் மாறியது. யாம் சிரித்த இடங்களிலெல்லாம் அவரும் சிரித்தார். ஓரிடத்தில் எமக்கு முன்னரே சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தப் பய என்ன கதைலே சொல்லுதான்?” என்றார். யாம் தாளை எடுத்து இரண்டு வரி எழுதுமுன், “இரு, இரு, இவனைப் பாக்க விடு” என்று கையமர்த்தினார்.

அடுத்த விடுமுறைக்குத் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) என்று அவரே குறித்திருக்கிறார். அதில் பாலையா தவிற்கலைஞர் முத்துராக்கு. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர் வாசித்த நாகசுரத்தைப் பாட்டனார் கேட்கப்போவதில்லை. முத்துராக்கு அருகிருந்து கேட்பதைக் காண்பார்.